கணக்கை வாசிக்க ஒருத்தி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழு எங்களிடம் கேட்ட தலைப்பு வேறு. "நாற்பதுக்குப் பின் பெண்களின் உடல்நலம்" என்று அழைப்பிதழிலும் அச்சாகிவிட்டது. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்வோம். ஆனால் அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனதில் வேறொரு பாடத்தில் போய் விழுந்துவிட்டோம். அந்தப் பாடத்தின் பெயர் நிதியும் முதலீடும். அதில் பட்டப்பின் படிப்பு என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பாடசாலையில் படித்த ஒருத்தி அதைப் படித்து முடித்திருக்கிறாள். இன்னொருத்தியைப் படிக்க வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம்.

நாங்கள் என்று சொல்வது 1999இல் உயர்தரப் பரீட்சை எழுதிய வகுப்பை. இதை எழுதிய கை ஒன்றுதான், ஆனால் இதில் உள்ளவற்றை ஆறேழு பேர் சேர்ந்து பேசித்தான் முடிவுக்கு வந்தோம். எங்களில் இரண்டு வைத்தியர்கள், நிறைய ஆசிரியைகள், ஒரு வங்கி உத்தியோகத்தர். அந்த வங்கிக்காரிதான் கதாநாயகி. பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அதனால் தோழி என்றே சொல்கிறோம்.

முதலில் கிளினிக் கதை. பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் ஒரு அம்மா, ஐம்பதைத் தொடும் வயது. இரண்டு மாதம் கிளினிக்குக்கு வரவில்லை. வந்தபோது அழுத்தம் 180க்கு 110. மாத்திரை முடிந்து வாரக்கணக்காகிவிட்டது. ஏன் வரவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டோம்.

"கிளினிக்கும் செவ்வாக்கிழம, குழுக் கூட்டமும் செவ்வாக்கிழம டொக்டரம்மா. நான் போகலைன்னா என் பங்கை மத்த நாலு பேருதான் கட்டணும். அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

நுண்கடன் குழு. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. அவர் அட்டையை எடுத்துக் காட்டினார். 50,000 ரூபா கடன், 52 வாரம், வாரத்துக்கு 1,192 ரூபாவும் சில்லறையும். "வட்டி நூத்துக்கு இருபத்திநாலுதான், கூட இல்ல" என்றார். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. 12,000 வட்டி, 50,000 முதல், கூட்டினால் 62,000, அதை 52ஆல் வகுத்தால் சரியாக வருகிறது. கணக்கில் பிழையே இல்லை. அட்டையைப் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "24 இல்லடி. 44."

எப்படி என்று அன்று இரவு தொலைபேசியில் பாடம் நடத்தினாள். அந்த அம்மா முதலையும் வாராவாரம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறார். பாதி வருடம் போனால் அவரிடம் உள்ள கடன் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் வட்டியோ 52 வாரமும் 50,000 முழுவதும் அவர் கையில் இருந்ததுபோலப் போடப்பட்டிருக்கிறது. அவரிடம் இல்லாத பணத்துக்கும் வட்டி. உண்மையில் அவர் கையில் இருக்கும் தொகைக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி 44 வீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இதைத் தட்டை வட்டி என்பார்கள். குறைந்துசெல்லும் மீதிக்குப் போடுகிற வட்டி வேறு. இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொன்னாலும் இரண்டும் ஒன்றாகாது. நுண்நிதிச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. அட்டையை வாசிக்கத் தெரிந்த ஆள்தான் லயத்துக்குப் போய்ச் சேரவில்லை.

வைத்தியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தோம். அதற்கு மேல் பயிற்சி, பரீட்சை. இதயத் துடிப்புப் பட்டியின் ஒரு மில்லிமீற்றர் ஏற்றத்தைப் பார்த்து நோய் சொல்கிறோம். ஆனால் எங்கள் நோயாளியின் கையில் இருந்த ஒரு மட்டை அட்டையை எங்களால் வாசிக்க முடியவில்லை. அன்றைய இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் எங்கள் வகுப்புக்கு ஒரு பழைய கடனும் உண்டு. அந்தக் காலத்தில் விஞ்ஞானப் பிரிவில் நாங்கள் ஒரு கைப்பிடிப் பேர். ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டி, அதைச் சுற்றிப் பத்துத் தலைகள். ஆனாலும் எங்களுக்குத் தலைக்கனம். வணிகப் பிரிவுப் பிள்ளைகள் கட்டடத்தின் கடைசியில் அரைச்சுவர் வகுப்பில் இருந்தார்கள். மழை சாய்ந்தால் கொப்பி நனையும். "சயன்ஸ் கிடைக்காததுகள் கொமர்ஸ்" என்று நாங்கள் சொன்னோம், டீச்சர்மாரில் சிலரும் சொன்னார்கள் என்பதை இன்று முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கியல் டீச்சர் மட்டும் சளைக்கவில்லை. ஐந்தொகை இரண்டு பக்கமும் சமப்படும்வரை யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். தோழி ஒருநாள் ஐம்பது சதம் பிசகியதற்காக மாலை பஸ்ஸைத் தவறவிட்டு, ஹாலி-எலையில் சித்தி வீட்டில் தங்கினாள். அந்த ஐம்பது சதத்தைத்தான் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பாள்.

எங்கள் மலையில் கணக்கு எப்போதும் வேறு யாரோ எழுதியதாகவே இருந்திருக்கிறது. எங்கள் பூட்டிமார் காலத்தில் "துண்டு" என்று ஒரு முறை இருந்தது. ஒரு கங்காணியின் கீழ் இருந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதித் தரும் சீட்டு. அந்தச் சீட்டோடு ஆட்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போனார்கள். கடன் யாருடையதோ அவருக்கு அது எவ்வளவு என்று தெரியாது. 1921இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். பிறகு செக்ரோல் வந்தது, "பேர்", "அரைப்பேர்" வந்தது. கொழுந்து நிறுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். எழுதும் உத்தியோகத்துக்குப் பெயரே கணக்கப்பிள்ளை. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. எங்களில் பலர் அப்போது பிறந்துவிட்டோம். அதற்குப் பிறகும் பல வீடுகளில் அம்மாவின் சம்பளத்தை அப்பாவே போய் வாங்கினார். தன் உழைப்பின் கூட்டுத்தொகையைத் தன் கண்ணால் பார்க்காமலே ஓய்வு பெற்ற அம்மாமார் இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் வீடுகளில் இருக்கிறார்கள்.

இனித் தோழியின் படிப்பு. உயர்தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. வங்கியில் பயிலுநராகச் சேர்ந்தாள். திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்து, வேலை பார்த்துக்கொண்டே, பதுளை நிலையத்துக்குப் போய் வந்து முகாமைத்துவப் பட்டம் எடுத்தாள். இடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். முப்பத்தேழு வயதில் ஒருநாள், "நிதியில் மாஸ்டர்ஸ் செய்யப் போகிறேன்" என்றாள். அவளுடைய மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அதுக்குப் பிறகு சம்பளம் கூடுமா?" என்பது. கேள்வி நியாயமானது. முதலீட்டைப் பற்றிப் படிக்கப் போகிறவள் முதலில் தன் படிப்பையே ஒரு முதலீடாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கட்டணம், பஸ் செலவு, விடுமுறை நாட்களில் பிள்ளைகளைப் பார்க்க ஆள், ஒரு பக்கம். வரப்போகும் பதவி உயர்வு, அதுவும் நிச்சயமில்லாதது, மறுபக்கம். காசுக் கணக்கில் அது நட்டம்தான் என்று அவளே சொன்னாள். ஆனாலும் போனாள்.

எங்கள் ஊரிலிருந்து இப்படிப் படிப்பது என்றால் என்ன என்று கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, அது எங்கள் பக்கத்துக்குப் பெரிய வரம். ஆனால் அவள் தேடிய பாடத்துக்கு வார இறுதி வகுப்பு கொழும்பில்தான் கிடைத்தது. வெள்ளி இரவு பதுளையில் பஸ் ஏறுவாள். விடியற்காலை புறக்கோட்டை. தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு சனி முழுவதும் வகுப்பு, ஞாயிறும் வகுப்பு, ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். திங்கள் காலை சேலை மாற்றிக்கொண்டு வங்கியில் இருப்பாள். ரயிலில் வரலாமே என்றால் சிரிப்பாள். 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் இன்றும் ஒன்பது பத்து மணித்தியாலம் எடுக்கிறது. படம் எடுக்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு அது போதும்.

இரண்டு மதில்கள் இருந்தன. ஒன்று ஆங்கிலம். பட்டம்வரை தமிழில் தாங்கிப் பிடித்து வந்தவளுக்கு எல்லாமே திடீரென ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இன்னொன்று கணிதம். முதலீடு என்றால் பங்கு வாங்கி விற்பது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறோம், அதில் பாதி புள்ளிவிபரவியல். ஹரி மார்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் 1952இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும் பொருள்களைச் சேர்த்து வைப்பதில் பயன் குறைவு, வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்குபவற்றைச் சேர்த்தால் மொத்த ஆபத்து குறையும் என்பதைக் கணிதமாக நிறுவினார். 1990இல் நோபல் பரிசும் கிடைத்தது. தோழி அதை வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா, "நான் ஒரு மாடும் கொஞ்சம் கறிமிளகாயும் வைக்கலைன்னா நீ ஏ.எல். எழுதியிருப்பியா?" என்று கேட்டாராம். கொழுந்து விழாத மாதத்தில் பால் காசு வந்திருக்கிறது. பரீட்சைத் தாளில் இதைத்தான் எழுதினேன், ஆங்கிலத்தில், என்கிறாள்.

அவள் ஆய்வுக்கு எடுத்த விடயம் எங்கள் மண்ணுடையது: ஊவாப் பருவமும் தேயிலை விலையும். ஜூலை முதல் செப்டெம்பர்வரை மலையைத் தாண்டி வரும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி வாசனை ஏறும். 1883இலிருந்து நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் அந்த நேரம் நல்ல விலை போகும். இது எல்லோருக்கும் தெரிந்தது. அவள் கேட்ட கேள்வி வேறு. அதே காற்றில் செடி காயும், கொழுந்து குறையும். கிலோ போதாமல் பேர் விழாது. ஏலத்தில் விலை ஏறும் அதே வாரங்களில் கொழுந்து எடுப்பவளின் சம்பளத் துண்டு சுருங்குகிறது. ஒரே மழைக்குறைவு ஒரு புத்தகத்தில் வரவாகவும் இன்னொரு புத்தகத்தில் செலவாகவும் போகிறது. கொழும்புப் பேராசிரியருக்கு இது புதிதாக இருந்ததாம். அவளுக்கு அது அம்மாவின் ஓகஸ்ட் மாதம்.

அவள் படித்து முடித்ததற்கு இரண்டு வருடத்தில் நாடு விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது, மே மாதம் 360. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் சொன்ன பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். மருந்துக்கு என்ன நடந்தது என்று எங்களிடம் கேட்காதீர்கள், அது தனி உரை. ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டீர்களா?

தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் எட்டு வீதம் போகிறது, முதலாளி பன்னிரண்டு வீதம் போடுகிறார். பெண் ஐம்பதிலும் ஆண் ஐம்பத்தைந்திலும் எடுக்கலாம். அந்தச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமெல்லாம் கூடி மூன்று இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டிய நிதியாக இருக்கிறது. இலங்கையிலேயே ஆகப் பெரியது. மத்திய வங்கி அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி அரசுக்கே கடனாக, திறைசேரி முறிகளாக இருக்கிறது. 2022 கடைசியில் புதிதாகத் திறைசேரி உண்டியல் வாங்கியவர்களுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. கையில் பணம் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். 2023 ஜூலை முதலாம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டபோது, சேமலாப நிதி தன் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்கியது. 2026 வரை 12 வீதம், அதன்பின் 9 வீதம். மாறாமல் இருந்திருந்தால் நிதியின் வருமான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்ற நிபந்தனையும் இருந்தது. அது சரியா பிழையா என்று இந்த மேடையில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. அதைப் பற்றிக் கொழும்பில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அனல் பறக்க விவாதம் நடந்தது. மடுல்சீமையிலும் லுணுகலையிலும் அந்தப் பணத்தின் சொந்தக்காரிகளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. தோழி இரண்டு கோயில் மண்டபங்களிலும் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும் போய்ச் சொன்னாள். ஒரு அம்மா கேட்டார்: "அப்ப நாங்கதான் கவர்மண்டுக்குக் கடன் குடுத்திருக்கோமா?" ஆமாம் என்றாள். கூட்டத்தில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமானதாம். கடன் வாங்கியே பழகியவர்களுக்குத் தாங்கள் கடன் கொடுத்தவர்கள் என்ற செய்தி அப்படி இருந்தது.

இன்னொரு கதை. எங்களில் ஒருத்தியின் பாட்டி இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், ரேஷன் காலத்துப் புத்தகம், ஒரு சேலை, அதற்கடியில் மடித்து வைத்த ஓர் ஆங்கிலக் காகிதம். ஏதோ தோட்டத்துப் பேப்பர் என்று முப்பது வருடம் இருந்திருக்கிறது. தோழிதான் பார்த்துச் சொன்னாள்: அது பங்குச் சான்றிதழ்.

1970களில் அரசு எடுத்த தோட்டங்களை 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரித்து முகாமைக்குக் கொடுத்தார்கள். 1995இலிருந்து அவற்றின் பெரும்பான்மைப் பங்குகளை விற்றார்கள். அப்போது பத்து வீதப் பங்கை ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது என்று ஏற்பாடு. கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் கம்பனியின் பங்காளிகள் ஆனார்கள். அந்தக் காகிதம் என்ன, அதை என்ன செய்யலாம், வருடத்துக்கு இலாபப் பங்கு வருமா, யாருக்கு எழுத வேண்டும் என்று விளக்கியவர்கள் மிகக் குறைவு. சிலர் வந்த விலைக்கு விற்றார்கள். சிலருடையது கூரை ஒழுக்கில் கரைந்தது. பாட்டியுடையது பெட்டியில் தப்பியது. ஆனால் இன்று காகிதத்தை வைத்து விற்க முடியாது. மத்திய வைப்பகத்தில் கணக்குத் திறந்து அதில் சேர்க்க வேண்டும். சொந்தக்காரி இல்லை என்றால் வாரிசு நிரூபிக்க வேண்டும். வாரிசு நிரூபிக்கப் போனால் பாட்டியின் பெயர் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சேமலாப நிதியில் இன்னொரு மாதிரி. எங்கள் மலையில் இது எந்த வீட்டில் இல்லை? வேலை இன்னும் முடியவில்லை. பெறுமதி பெரிய தொகை ஒன்றுமில்லை. பாட்டி அதைத் தெரியாமலே போனார் என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் வலித்தது.

லண்டனில் இதெல்லாம் பழைய செய்தி. தாமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னையை வாங்கினார். 1898இல் தன் கம்பனியின் பங்குகளை லண்டனில் பொதுமக்களுக்கு விற்றபோது, இருந்த பங்குகளைவிடப் பலமடங்கு விண்ணப்பம் குவிந்தது. எங்கள் மலையின் பெயரில் அன்றே அங்கே காசு பெருகியது. இன்று கொழும்புப் பங்குச் சந்தைப் பட்டியலில் மடுல்சீமை என்ற பெயர் இருக்கிறது, நாளுக்கு நாள் விலையோடு. மடுல்சீமையில் பிறந்த எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? கோத்தகிரித் தங்கைகளுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காக இந்திய அரசு 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கி இன்றும் தமிழ்நாட்டில் நடக்கிறது. இங்கிருந்து கப்பலேறிய எங்கள் உறவினருக்கு அங்கே தங்கள் பெயரில் ஒரு வங்கி கிடைத்தது.

இனி எங்கள் சொந்தக் குற்றம். இதைச் சொல்லாமல் மற்றவர்களைப் பற்றிப் பேசினால் அழகில்லை. சங்கத்திடம் கூரை நிதி என்று ஆறு இலட்சம் ரூபா இருந்தது. 2016இல் அந்தப் பணத்துக்குப் பிரதான மண்டபத்தின் கூரை முழுவதையும் மாற்றியிருக்கலாம், விலைமனு கையில் இருந்தது. இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று சாதாரண சேமிப்புக் கணக்கில் விட்டோம். கையெழுத்துப் போடும் மூவரில் இரண்டு பேர் வைத்தியர்கள், ஒருவர் ஆசிரியை. தோழி இரண்டு தடவை சொன்னாள், குறைந்தது நிலையான வைப்பிலாவது போடுங்கள், மூன்று மாதத் திறைசேரி உண்டியலாவது வாங்குங்கள் என்று. "பாதுகாப்பாக இருக்கிறதே, எதற்கு வம்பு" என்றோம். 2021இல் நூறு ரூபாவுக்கு வாங்கியதை 2023 முடிவில் வாங்க ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்பட்டது. புத்தகத்தில் ஒரு சதம்கூடக் குறையவில்லை, கூடவே வட்டியும் ஏறியிருந்தது. ஆனால் புதிய விலைமனு வந்தபோது அந்தப் பணம் பாதிக் கூரைக்குத்தான் போதுமாக இருந்தது. மேற்குப் பக்கம் புதுத் தகடும் கிழக்குப் பக்கம் பழைய தகடுமாக நீங்கள் இப்போது நிமிர்ந்து பார்க்கும் அந்தக் கூரை எங்கள் கைவேலை. நாங்கள் திருடனுக்குப் பயந்தோம். விலைக்குப் பயப்பட எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது நூற்றாண்டு நிதி. உங்கள் எல்லோருடைய தயவாலும் நாற்பது இலட்சம் சேர்ந்திருக்கிறது. நுழைவாயில் வளைவு கட்டுவது என்று ஒரு யோசனை இருக்கிறது. சென்ற வருடம்வரை நாங்களும் வளைவுக் கட்சிதான். பெயர் பொறித்த கருங்கல், திறப்பு விழா, எல்லாம் மனதில் இருந்தது. இன்று எங்கள் பிரேரணை வேறு. இந்தப் பாடசாலையில் படித்து, பட்டமும் எடுத்து, நிதி அல்லது முதலீட்டில் பட்டப்பின் படிப்புக்கு அனுமதி பெறும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியை அந்தப் பணம் படிக்க வைக்கட்டும்.

தோழியிடம் கணக்குக் கேட்டோம். அவள் போட்ட கணக்கு எங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அப்படியே தருகிறோம். ஆண்டுக்கு எட்டு வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது இலட்சத்துக்கு 3,20,000. பத்து வீதம் வரி போனால் 2,88,000. விலைகள் ஆண்டுக்கு ஐந்து வீதம் ஏறினால், நாற்பது இலட்சம் நாற்பது இலட்சமாகவே மதிப்போடு இருக்க அதில் 2,00,000ஐத் திரும்ப முதலோடு சேர்க்க வேண்டும். மிச்சம் 88,000 ரூபா. நாற்பது இலட்சம் உண்மையில் ஒரு வருடத்துக்கு ஈன்றது அவ்வளவுதான். "2,88,000ஐயும் செலவழிக்கலாம். அப்படிச் செய்தால் அடுத்த பதினைந்து வருடத்தில் முதலே பாதி பெறுமதிக்கு வந்துவிடும். கூரையை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

88,000க்கு ஒரு மாஸ்டர்ஸ் படிக்க முடியாது. ஆகவே பிரேரணையில் இரண்டாம் பகுதி வந்தது. பணம் கொடையாக இல்லாமல் வட்டியில்லாத கடனாகப் போக வேண்டும். படித்து முடித்து, வேலையும் கிடைத்து, இரண்டு வருடம் கழித்துச் சம்பளத்தில் ஒரு பங்காகத் திருப்பிக் கட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் கேட்கக் கூடாது. அவள் திருப்பித் தரும் பணத்தில் அடுத்தவள் போவாள். திரும்பி வரும் பணம் விலையேற்றத்தில் கொஞ்சம் தேய்ந்துதான் வரும். அந்தத் தேய்மானத்தை நிரப்பத்தான் அந்த 88,000உம் வெளிநாட்டுச் சகோதரிகளின் ஆண்டுச் சந்தாவும்.

கடன் என்றதும் குழுவில் சண்டையே வந்தது. செவ்வாய்க்கிழமைக் கடனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நாமே ஒரு பிள்ளையின் தலையில் கடனை ஏற்றுவதா என்று ஓர் அக்கா கேட்டார். எங்களிடம் அதற்கு முழுமையான பதில் இல்லை. பிணைக்கு நாலு பேர் கேட்க மாட்டோம், வட்டி இல்லை, வருமானம் இல்லாமல் தவணை இல்லை, அட்டையின் ஒவ்வொரு வரியும் தமிழில் இருக்கும். இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்த அக்கா இன்னும் எதிர்ப்புத்தான். அவர் பேசும்போது கவனமாகக் கேளுங்கள்.

இன்னொரு கேள்வி, படித்தவள் கனடாவுக்குப் போய்விட்டால்? போகலாம். எங்களில் எத்தனை வைத்தியர்கள் போனோம். யாரும் எங்களிடம் பிணைமுறி எழுதி வாங்கவில்லை. எங்கிருந்தாலும் வருடத்துக்கு நான்கு நாள் இந்த மாகாணத்தில் ஒரு தோட்டத்துக்குப் போய், அல்லது திரையில் வந்து, கடன் அட்டையும் சேமலாப நிதிக் கூற்றும் வாசித்துச் சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும் என்று நினைக்கிறோம்.

வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் கொடுக்கலாமே, ஏன் இந்தப் பாடம் என்று கேட்பவர்களுக்கு: அவற்றுக்குக் கொடுக்க வேறு பலர் இருக்கிறார்கள். எங்களுக்கே எத்தனை பேர் கொடுத்தார்கள். வணிகப் பிரிவுப் பிள்ளைக்கு எங்கள் பாடசாலை இதுவரை ஒரு பரிசுக் கிண்ணம்கூட வைக்கவில்லை. பரிசளிப்பு விழாப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தப் படிப்பு பணக்காரியாக்கும் படிப்பு என்று யாரும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். எங்கள் பழைய மாணவியர் வட்சப் குழுவிலேயே மாதம் ஒருவராவது "மூன்று மாதத்தில் இரட்டிப்பு" என்று அனுப்புகிறீர்கள். ஆளுக்கு ஆள் சேர்த்துப் பணம் வாங்கும் பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்தின்படி இந்த நாட்டில் குற்றம். அப்படி ஒன்று வரும்போதெல்லாம் தோழி ஒரே ஒரு வரிதான் பதில் போடுவாள்: "அந்த இலாபம் எங்கிருந்து வருகிறது அக்கா?" இதுவரை யாரும் பதில் எழுதவில்லை.

அந்தப் பசறை அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். கிளினிக் நாளை வியாழனுக்கு மாற்றிக் கொடுத்தோம், அதற்கு நிதியில் பட்டம் தேவைப்படவில்லை. அழுத்தம் இப்போது 150க்கு 90, இன்னும் குறைய வேண்டும். கடன் முடிய பதினொரு வாரம் இருக்கிறது. அது முடிந்ததும் மீண்டும் எடுக்கச் சொல்லி அலுவலர் கேட்டிருக்கிறாராம். "அந்தப் பேங்க் அம்மாக்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தேநீருக்குப் பிறகு பொதுக்கூட்டம். பிரேரணையின் பிரதி ஒவ்வொரு கதிரையிலும் இருக்கிறது, பின்பக்கத்தில் தோழியின் கணக்கும் இருக்கிறது. வளைவுக்கு வாக்களிக்க நினைப்பவர்களும் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள். அவள் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். கல்குலேட்டரும் கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் பழைய ஆங்கிலக் காகிதம் ஏதாவது பெட்டிக்கடியில் இருந்தால் அதையும் எடுத்து வரச் சொன்னாள்.